தராததுக்கும் நன்றி

கண்ணாடிக்காரருக்கு மிச்சமிருந்தவை ஒன்பது சொற்கள்.

மற்றதெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போயிற்று. கடையில், வேலை மேசைக்கு முன் நின்று ஒரு ஜன்னலுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் அப்படியே சாய்த்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. வெள்ளம் வீட்டைக் கொண்டுபோய்விட்டு வாசற்படியை மட்டும் விட்டுவைப்பதுபோல, சாப்பாட்டுக்கு முன்னால் அவர் சொல்லும் ஜெபத்தை மட்டும் விட்டுவைத்தது.

"ஆண்டவரே, தந்ததுக்கு நன்றி, தராததுக்கும் நன்றி, இந்தக் கை நாளைக்கும் உழைக்கட்டும்."

இவ்வளவுதான். அவராகவே கட்டிக்கொண்ட ஜெபம். சபையில் மற்றவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் சூப்பின் மேல் ஆடை படரும்வரை ஜெபம் ஓடும். ஆட்சியாளர்கள், கடற்பயணிகள், சிறைக்கைதிகள் என்று உலகத்தைச் சுற்றி வந்து கடைசியில்தான் தட்டில் இறங்குவார்கள். கண்ணாடிக்காரர் ஜெபிப்பது கண்ணாடி வெட்டுவதுபோல. வைரமுனையை விளிம்பில் வைத்தால் ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது, போன கோட்டிலேயே இரண்டாம் தடவை போகக் கூடாது. போனால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். ஒன்பது சொல், ஒரு மூச்சு. பத்தாவது சொல் மனைவியுடையது. அவள் "ஆமென்" என்பாள். பிறகுதான் அந்த வீட்டில் கரண்டி தட்டைத் தொடும். முப்பத்தோரு வருடம், நாளுக்கு மூன்று வேளை இப்படித்தான் நடந்தது.

இப்போது அந்த மனிதர் ஒரே கோட்டில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார். தாகமென்றால் "ஆண்டவரே, தந்ததுக்கு நன்றி." முதுகு அரித்தால் அதே. படுக்கை நனைந்துவிட்டால் அதே, கொஞ்சம் மெதுவாக. ஊசி குத்தினால் அதே, கொஞ்சம் வேகமாக. ஒருமுறை கோபத்தில் இடது கையால் தம்ளரை வீசியெறிந்துவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, "தராததுக்கும் நன்றி!" என்று கத்தினார். அதைக் கேட்டு ஜன்னலுக்கு வெளியே போன ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சின்னப் பெண். அவள் விளக்கினாள்: "பழக்கத்துல வர்ற பேச்சு மூளையில வேற இடத்துல இருக்கும்மா. பாட்டு, ஜெபம், கெட்ட வார்த்தை, இதெல்லாம் சில பேருக்குத் தப்பிச்சுக்கும்."

"கெட்ட வார்த்தை தப்பிச்சிருக்கலாம் பாப்பா," என்றாள் கண்ணாடிக்காரர் மனைவி. "என்ன வேணும்னாவது புரிஞ்சிருக்கும்."

மாடிப்படி ஏற முடியாதென்று அவரைக் கடைக்குப் பின்னாலிருந்த சரக்கு அறையில் படுக்கவைத்திருந்தார்கள். மூன்று சுவரோரமும் மரச்சட்டங்களில் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நின்றன. நாலாவது சுவரில் ஒரு ஜன்னல். அதில் ஒரு கட்டத்துக்குக் கண்ணாடி இல்லை, ஏழு வருடமாக அட்டைதான். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவர் வீட்டு ஜன்னலில் வேறென்ன இருக்கும்?

அவர் வீடு திரும்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. முதல் வாரம் பாலில் கலக்கிய சத்துமாவைக் குடித்தார். மசித்த சாப்பாடு கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டார். கரண்டியைக் கண்டதும் ஒன்பது சொல்லையும் சொல்வார். சொல்லிவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்வார். அதற்குமேல் கடப்பாரை போட்டாலும் திறக்காது. சத்துமாவையும் கரண்டியில் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் உள்ளே போகவில்லை. தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை சபையிலிருந்து மைக் ஐயா நாலைந்து பேரோடு வந்தார்.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டி தாமதமாக வரும் என்று முப்பது வருடம் சொன்ன குரல், இப்போது கர்த்தர் தாமதிக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் பேசினாலும் இரண்டாம் நடைமேடை வரை கேட்கும். 'விசுவாசி வளரும் பன்னிரண்டு படிகள்' என்று ஒரு பாடப்புத்தகம் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வித்தாள், ஒரு கையெழுத்து. கண்ணாடிக்காரர் மனைவி எட்டு வருடமாக மூன்றாம் படியில் நின்றிருந்தாள். மூன்றாம் படி, 'தினசரி அமைதி வேளை.' அந்த வேளையில் கிடைத்த வெளிச்சத்தை ஒரு நோட்டில் எழுத வேண்டும். அவள் நோட்டில் ஜன்னல் அளவுகள்தான் இருந்தன.

"சகோதரி, இது நோய் இல்ல," என்றார் மைக் ஐயா, கட்டிலைப் பார்த்துக் கையை விரித்து. "ஊழியம்! எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நன்றியை மட்டும் நாவுல விட்டிருக்காரு பாத்தீங்களா? வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிறப்புக் கூட்டம். இவரைச் சக்கர நாற்காலியில மேடையில உக்கார வச்சு, வாய்கிட்ட மைக்கை நீட்டினா போதும். ஊரே உடைஞ்சுடும்."

"ஊரு உடையறது இருக்கட்டும் ஐயா. ஊழியக்காரருக்கு விரிப்பு மாத்தணும். அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறீங்களா?"

மைக் ஐயாவுக்கு உடனே ஒரு அவசர ஜோலி நினைவுக்கு வந்தது. போகும்போது, "இந்தச் சோதனை உங்களை நேரா ஏழாம் படிக்குக் கொண்டுபோயிடுச்சு, நான் கையெழுத்துப் போட்டுடறேன்," என்று பரிந்து சொன்னார். பிறகு கண்ணை மூடி ஒரு ஜெபம். அது பதினாறு நிமிடம். முடிவில் கூட வந்தவர்களெல்லாம் சேர்ந்து சொன்ன ஆமெனில் சட்டத்திலிருந்த கண்ணாடிகள் சன்னமாக அதிர்ந்தன.

கண்ணாடிக்காரர் அந்த ஆமெனுக்கு அசையவில்லை. தலையைத் திருப்பி மனைவியின் வாயைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது. அத்தனை சத்தத்தில் ஒரு வாய் குறைந்தது வேறு யாருக்கும் தெரியவில்லை.

அவள் ஆமெனை நிறுத்தி மூன்று வாரமாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள். அங்கே மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். இரண்டு தடவை அவர் அதைப் பிடுங்கிப் போட்டார். மூன்றாம் தடவை, மிச்சமிருந்த அந்த ஒரு நல்ல கையையும் துணிப் பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். அவருடைய நல்லதுக்குத்தான். வார்டில் எல்லாமே நோயாளியின் நல்லதுக்குத்தான் நடக்கும். அவள் போய் நின்றபோது அவர் கட்டின கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தந்ததுக்கு நன்றி, தராததுக்கும் நன்றி, இந்தக் கை நாளைக்கும் உழைக்கட்டும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் வாய் வழக்கப்படி திறந்தது. பாதியில் நின்றது. எதற்கு ஆமென்? கட்டின கைக்கா? அவள் பட்டையை அவிழ்த்து, சிவந்திருந்த மணிக்கட்டைத் தேய்த்து, அவர் காதில் சொன்னாள்: "இனிமே இந்தக் கையக் கட்ட விடமாட்டேன். சத்தியம்."

கடவுளோடு அவளுக்கிருந்த பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, பார்த்தால் தலையாட்டுவது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நர்ஸ் வந்து, அவருடைய இடது மேற்கையை ஒரு நாடாவால் சுற்றி அளந்தாள். நிற்க முடியாதவருக்கு எடை பார்க்க அதுதான் வழி. நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒன்றரை சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கும்மா. அஞ்சு நாள்ல."

"தண்ணி குடிக்கிறாரே."

"அதுதான் எனக்கும் புரியல. தண்ணிதான் முழுங்கக் கஷ்டம். அதைக் கெட்டியாக்கற பொடி போட்டாலும் கஷ்டந்தான். அதையே முழுங்கறாருன்னா தொண்டை வேலை செய்யுது. சாப்பாட்டை முழுங்க முடியாம இல்ல. மாட்டேங்கிறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன். அதுக்குள்ள அஞ்சு கரண்டியாவது உள்ள போகலேன்னா நான் எழுதித்தான் ஆகணும். திங்கக்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்துடும்."

"வந்து?"

"மறுபடியும் குழாய்தான்."

"கையக் கட்டுவாங்க."

நர்ஸ் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்து, மூடினாள். உருளைக்கிழங்கு, காரட், பட்டாணி வேகவைத்து மசித்தது. மூன்று வேளையும் அதுதான். "நீங்க எப்ப சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

"இவருக்குக் குடுத்துட்டு, இங்க நின்னுக்கிட்டே ரெண்டு துண்டு ரொட்டி, ஒரு டீ. அது ஓடுது."

நர்ஸ் போனபின் நாத்தனார் வந்தாள். கண்ணாடிக்காரரின் ஒரே தங்கை. அண்ணனுக்காக உபவாசம் இருந்துகொண்டிருந்தாள். உபவாசக் கணக்கில் டீ சேராது. டீயில் நனைத்த பிஸ்கட் டீயின் பேரில் போய்விடும் என்பது அவள் வைத்திருந்த ஒரு சலுகை. ஆனால் அவள் அண்ணன் மேல் வைத்திருந்த பாசத்தில் சலுகை எதுவும் இல்லை. இரண்டு பஸ் மாறித் தினமும் வந்தாள்.

"கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் அண்ணி. மேடையில ஆவியானவர் தொட்டாருன்னா தானா வாயைத் திறந்துடுவாரு."

"உங்கண்ணன் கூட்டம்னாலே கடைசி பெஞ்சுல உக்கார்ற ஆளு. அவரைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைக்கச் சொல்றியா?"

"காட்சி இல்ல, சாட்சி."

"மூத்திரத் துணியோடவா?"

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அழுகையின் நடுவில் உண்மை வந்தது. "நீங்க ஜெபத்துல ஆமென் சொல்லல. புதன்கிழமை நான் ஒங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். இந்த வீட்டுல விசுவாசம் இல்லாமத்தான் அவரு இப்படிக் கெடக்காரு."

கண்ணாடிக்காரர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஆமா, சொல்லல," என்றாள். "தராததுக்கும் நன்றின்னு அவர் சொல்றாரு. அவருக்கு அது வாயில வருது, புத்தியில வரல. எனக்குப் புத்தி இருக்கே? அஞ்சு நாளா மனுஷன் பட்டினி. இதுக்கு நான் எங்கேருந்து ஆமெனைக் கொண்டாறது? நீ கொண்டு வந்திருக்கியா, பையில இருந்தா குடு."

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். போகுமுன் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள், அண்ணிக்கு.

அன்று மாலையும் கண்ணாடிக்காரர் மனைவி கட்டிலருகில் உட்கார்ந்தாள். கரண்டியை நீட்டினாள். அவர் ஒன்பது சொல்லையும் சொன்னார். வாயைப் பூட்டினார். அவள் கெஞ்சினாள், அதட்டினாள், கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "ஒரே ஒரு வாய். எனக்காகவாவது தொறங்களேன். கையக் கட்டிடுவாங்கய்யா!" அவர் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. இடது கையால் அவள் முழங்கையைத் தட்டினார், ஒருமுறை, இருமுறை. கதவு தட்டுகிற மாதிரி. மறுபடியும் ஒன்பது சொல். மறுபடியும் பூட்டு. கடைசியில் அவள் கரண்டியின் விளிம்பை உதட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். உதட்டில் ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்ததும் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, எழுந்து போய்க் கடையின் இருட்டில் வேலை மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். ஜெபம் செய்யவில்லை. ஜெபம் செய்வதற்கான நேரமும் இடமும் தோதாகத்தான் இருந்தன. ஆளில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. காற்று சாய்வாக அடித்தது. பகல் பன்னிரண்டுக்கு, ஏழு வருடம் தாக்குப்பிடித்த அட்டை ஊறிப்போய்ப் பொத்தென்று உள்ளே விழுந்தது. மழை நேராகக் கட்டிலின் மேல் வந்தது. அவள் ஓடிவந்து கட்டிலை இழுத்துப் பார்த்தாள். மூன்று பக்கமும் சட்டங்கள். ஒரு சாணுக்குமேல் நகரவில்லை. போர்வையைச் சுருட்டி ஓட்டையில் திணித்தாள். காற்று அதைத் துப்பியது.

அந்த ஜன்னலுக்கான கண்ணாடி இல்லாமல் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்பே அளந்து வெட்டி, மூலையில் சாக்பீஸால் 'நம்ம வீடு' என்று எழுதி வைத்திருந்தார். அவசர வேலைகள் ஒவ்வொன்றாக அதற்கு முன்னால் வந்து நின்றன. இப்போது அது கடைசிச் சட்டத்தில், கதவளவு பெரிய ஒரு தகட்டுக்குப் பின்னால் இருந்தது. பெரிய தகட்டை நகர்த்தாமல் எடுக்க முடியாது. அது இரண்டு ஆள் வேலை.

அந்த நேரத்தில்தான் மைக் ஐயா, மறுநாள் கூட்டத்துக்கான அறிவிப்புத் தாளோடும் குடையோடும் உள்ளே நுழைந்தார்.

"சகோதரி, தலைப்பு வச்சாச்சு. 'நன்றி மறவா நாவு.' எப்படி?"

"குடையக் கீழ வைங்க ஐயா. இந்தக் கண்ணாடியோட அந்த முனையப் பிடிங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா? அவரு மேல மழை அடிக்குது பாருங்க."

பாவம், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. குடையை வைத்தார், கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார், அவள் கொடுத்த தோல் உறையைக் கையில் மாட்டிக்கொண்டார். அவள் இந்த முனையில் குனிந்து, ஒரு கை அடியிலும் ஒரு கை பக்கவாட்டிலுமாகப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது:

"பிடிச்சாச்சா?"

கேட்டால், மறுமுனையிலிருக்கிறவர் பிடி சரியாக இருந்தால் "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் இந்த முனை தூக்கும். கண்ணாடி வேலையில் முதல் நாள் கற்றுக்கொள்வது அதுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஆளின் முகம் தெரியும், கை தெரியாது. அதனால் கண்ணை நம்பக் கூடாது, குரலைத்தான் நம்ப வேண்டும்.

மைக் ஐயாவிடம் வாழ்க்கையில் யாரும் கேள்வி கேட்டதில்லை. அறிவிப்பாளர் பதில் சொல்கிறவர் இல்லை. "விசுவாசத்தோட தூக்குவோம்!" என்று முழங்கிவிட்டு, தன் முனையை மட்டும் ஒரே வெட்டாகத் தூக்கினார்.

தகடு முறுக்கிக்கொண்டது. அவள் கத்துவதற்குள் கீழ் மூலை தரையில் இடித்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அடியிலிருந்து உச்சி வரை ஒரு கோடு ஓடியது, பிறகு பாதித் தகடு சரிந்து தரையெல்லாம் சில்லு. மைக் ஐயா சுவரோடு ஒட்டி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அறிவிப்பதற்கு ஒன்றுமில்லை.

"கேட்டா பதில் சொல்லணும் ஐயா!" அவருடைய ஆறு நாள் பட்டினியும் அவளுடைய மூன்று வாரத் தூக்கமின்மையும் அந்தக் குரலில் வந்தன. "பிடிச்சாச்சான்னு கேட்டா பிடிச்சாச்சுன்னு சொல்லணும்! அந்தப் பக்கம் குரல் வராம யாராவது தூக்குவாங்களா? கால் போயிருக்கும் உங்களுக்கு! இந்த மனுஷன் முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் குரல் வராம..."

நின்றுவிட்டாள்.

கட்டிலில், முகமெல்லாம் மழைத்துளியோடு, கண்ணாடிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, தந்ததுக்கு நன்றி, தராததுக்கும் நன்றி, இந்தக் கை நாளைக்கும் உழைக்கட்டும்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவள் வாயைப் பார்த்தார். காத்திருந்தார்.

"...என் குரல் வராம தூக்கினது இல்ல," என்று அவள் முடித்தாள், யாரிடமோ.

தண்ணீருக்கு அந்த வீட்டில் ஜெபம் கிடையாது. கஷ்டப்பட்டாலும் அதைக் குடித்துவிட்டார். சத்துமாவும் தம்ளரில் இருந்தவரை தண்ணீர்தான். கரண்டி ஏறியதும் அது சாப்பாடு. சாப்பாட்டுக்குத்தான் பத்தாவது சொல் வேண்டும்.

மைக் ஐயா மெல்ல, "சகோதரி, ஒரு சின்ன ஜெபம்..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, வேண்டாம். நீங்க நல்லவரு. செருப்புல சில்லு இருக்கும், உதறிட்டுப் போட்டுக்குங்க. நாளைக்கு இவரு வரமாட்டாரு."

"அப்ப அந்தத் தலைப்பு?"

"அதை நீங்களே பிடிச்சுக்குங்க."

அவர் போனதும், நனைந்த போர்வையை எடுத்துவிட்டு மேசை விரிப்பு நெகிழித் தாளை ஜன்னலில் ஆணியடித்தாள். சில்லைப் பெருக்கி ஓரம் தள்ளினாள். அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். ரொட்டி தீர்ந்திருந்தது. மசியலைச் சூடாக்கி இரண்டு தட்டில் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த வீட்டில் இரண்டு தட்டு சேர்ந்து வெளியே வருவது அதுதான் முதல் தடவை. முக்காலியில் ஒன்று, தன் மடியில் ஒன்று.

அவர் இரண்டு தட்டையும் பார்த்தார். ஒன்பது சொல்லையும் சொன்னார். இழுவை, அவசரம், ஆத்திரம் எதுவும் இல்லாமல், பழையபடி ஒரே மூச்சில்.

இப்போது அவளுடைய முறை. சொல் வெளியே வர மறுத்தது. மாரைப் பிளந்து பார்த்தால்கூட அங்கே நன்றி ஒரு துளி இருக்காது. அவள் அதை ஒளிக்கவில்லை.

"இதுக்கெல்லாம் நன்றின்னு என்னால சொல்ல முடியாதுங்க," என்றாள் அவரிடம். அவரிடமா, அவருக்கு மேலே பார்த்தா என்று சொல்வது கஷ்டம். "தந்தது தராதது எல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க. எனக்கு அது வெளங்கல. நான் இந்த முனையப் பிடிச்சிருக்கேன். அவ்வளவுதான் தெரியும்." மூச்சு வாங்கினாள். "ஆமென்."

அவர் வாயைத் திறந்தார்.

முதல் கரண்டியில் பாதி அவர் மோவாயில் போயிற்று. மிச்சம் உள்ளே. தொண்டை எலும்பு மேலே ஏறி, யோசித்து, இறங்கியது. இரண்டு. மூன்று. நாலாவதில் இருமினார். அவள் உயிர் போய் வந்தது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி தாடையை நெஞ்சோடு தாழ்த்திப் பிடித்தாள். இருமல் அடங்கியது. ஐந்தாவதும் போயிற்று. ஆறாவதற்கு அவர் உதடு மூடிக்கொண்டது. கண் அவள் மடியிலிருந்த தட்டுக்குப் போயிற்று.

"சரி, சரி. நானும் சாப்பிடறேன்."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள்.

"ஐயோ," என்றாள். "இதையா?"

உப்பைக் குறைக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்தார்கள். அவள் பயத்தில் குறைத்துக் குறைத்து ஒரு கல் உப்புகூட இல்லாமல் ஆக்கியிருந்தாள். ஈரச் சுவரைச் சுரண்டித் தின்பது மாதிரி இருந்தது. ஆறு நாளாக, மூன்று வேளையும், ஒரு தடவைகூட வாயில் வைத்துப் பார்க்காமல் இதைத்தான் அந்த மனிதரின் உதட்டில் கரண்டியால் அழுத்தியிருக்கிறாள். மைக் ஐயாவின் பன்னிரண்டு படியில் எந்தப் படியிலும், நோயாளிக்குக் கொடுப்பதை நீ ருசி பார்த்தாயா என்று ஒரு கேள்வி இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்று நினைத்தது வாய்வரை வந்ததும் வேறாக மாறிப்போயிற்று. தட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் இடது கையை நீட்டி அவள் முழங்கையைத் தட்டினார். பிறகு, யாராவது தப்பான அளவைக் கொண்டுவந்து நீட்டினால் கடையில் பேசும் அந்தக் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"தந்ததுக்கு நன்றி."

"தெரியுது, தெரியுது. குத்திக்காட்ட வேண்டாம். உப்புக் கொண்டாறேன், இருங்க."

நாலு மணிக்கு நர்ஸ் வந்து எட்டுக் கரண்டி என்று எழுதிக்கொண்டாள். பாத்திரத்தை ருசி பார்த்து, "ஒரு சிட்டிகை போடலாம்னுதானேம்மா எழுதியிருக்கு?" என்றாள். வண்டி வேண்டாமென்று சொல்லவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். எட்டுக் கரண்டியில் யாரும் பிழைத்துவிடுவதில்லை. அது கண்ணாடிக்காரர் மனைவிக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சிறப்புக் கூட்டம் கண்ணாடிக்காரர் இல்லாமலே நடந்தது. மைக் ஐயா அந்த ஒன்பது சொல்லையும் தானே சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து நிமிடம் பிரசங்கம் வைத்தார் என்றும், சபை முழுக்க எழுந்து நின்று ஆமென் போட்டது என்றும், ஏழு பேருக்கு அவர் படி ஏற்றிக் கையெழுத்துப் போட்டார் என்றும் அன்று இரவே நாத்தனார் வந்து சொன்னாள்.

"நீங்க வந்திருந்தா எட்டாம் படி கிடைச்சிருக்கும் அண்ணி."

"எனக்குப் படி ஆகாது. முட்டி வலி. அந்தக் கரண்டியைக் குடு."

ஜன்னலில் நெகிழித் தாள் காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. 'நம்ம வீடு' கண்ணாடி வெளியே எடுத்துச் சுவரில் சாத்தியிருந்தது. பதிப்பதற்கு மறுமுனை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நாத்தனாருக்கு முதலில் பதில் சொல்லச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அவர் தட்டுகளைப் பார்த்தார். இப்போது மூன்று. நாத்தனாரின் உபவாசம் முந்தின நாளோடு முடிந்துவிட்டிருந்தது. அவர் சொன்னார்: "ஆண்டவரே, தந்ததுக்கு நன்றி, தராததுக்கும் நன்றி, இந்தக் கை நாளைக்கும் உழைக்கட்டும்."

கண்ணாடிக்காரர் மனைவி ஒரு கையால் அவர் தாடையைத் தாங்கி, மறு கையில் கரண்டியோடு, மடியில் நழுவிய தன் தட்டை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வண்டி வருமா வராதா என்பது அந்தக் கரண்டிக்குத்தான் தெரியும். அவசரத்தில் நாக்கு தடம் மாறிவிட்டது.

"பிடிச்சாச்சு," என்றாள்.

நாத்தனார் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அண்ணி அதைத் திருத்திக்கொள்ள வாயெடுப்பதற்குள், அண்ணன் வாயைத் திறந்துவிட்டிருந்தார்.